மருத்துவ பௌதிகவியலாளர் வேலை: நிலாவெளிப் பக்கத்திலிருந்து புரோத்தன் அறை வரைக்கும் வழி என்ன?

#1 கோணேசபுரி
வளாகத்தில பௌதிகம் படிக்கிற நாலு பேர் சார்பா கேக்கிறன். இறுதியாண்டு. மருத்துவ பௌதிகவியல் எண்டா வீடியோவில காட்டுற புரோத்தன், காபன் அயன் கதிர்ச் சிகிச்சை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இங்க இருந்து என்ன வழியில போறது, போனா ஒரு நாளில உண்மையில என்ன வேலை, புரோத்தன் பக்கம் நேரடியாகவே போகலாமா? ஊக்கப் பேச்சு வேண்டாம். வேலையைச் சொல்லுங்கோ.

#2 உப்புவெளியாள்
தம்பி, முதலில் ஆட்களைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கோ. எந்தக் கட்டிக்கு எத்தனை கிரே (உடல் ஏற்கும் கதிர் டோஸின் அலகு) என்று எழுதுவது புற்றுநோய் வைத்திய நிபுணர். நோயாளியை மேசையில் கிடத்திக் கதிரைக் கொடுப்பது தெரபி ரேடியோகிராபர். எழுதிய 2 கிரே அந்த இடத்துக்கு 2 கிரேயாகவே போகிறதா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பௌதிகவியலாளர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே வாரக்கணக்கில் வேலை செய்யலாம். ஆனால் இவர் விடும் பிழை ஒரு நோயாளியோடு நிற்காது, அந்த மெசினில் படுக்கிற எல்லோருக்கும் போகும்.

படிப்பு வழி: பௌதிகம் பிரதானமாக உள்ள விஞ்ஞானப் பட்டம், சிறப்புப் பட்டமென்றால் இன்னும் நல்லது. பிறகு மருத்துவ பௌதிகவியலில் முதுமாணி. உள்நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தில் இருக்கிறது. இந்தியாவில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உண்டு. கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இத்தாலி, திரியெஸ்தேயில் உள்ள அப்துஸ் சலாம் கோட்பாட்டுப் பௌதிக நிலையத்தின் 2 வருடப் பாடநெறி. 2014 இலிருந்து நடக்கிறது. வளரும் நாட்டு மாணவர்களுக்கென்றே புலமைப்பரிசில் உண்டு. முதல் வருடம் வகுப்பு, இரண்டாம் வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி.

அந்த இரண்டாம் வருடம்தான் பெறுமதி. முதுமாணி முடித்தவுடன் ஆள் தயாரில்லை. சர்வதேச அணுசக்தி முகவரகம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டல், பட்டப்பின்படிப்புக்கு மேலே குறைந்தது 2 வருட மேற்பார்வைப் பயிற்சி வேண்டும் என்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பயிற்சிக் காலத்தில் லினாக்கில் (சிகிச்சைக் கதிரைக் கொடுக்கும் மெசின்) கை வைக்க விடுவீர்களா, பார்வையாளராக நிற்க வைப்பீர்களா?"

#3 கன்னியா வெந்நீர்
வேலையைக் கேட்டீங்கள், சொல்லுறன். பாடப்புத்தகத்தில நேர்கோட்டு ஆர்முடுக்கி, எங்கட வாயில லினாக்.

காலையில முதல் நோயாளிக்கு முன்னம் மெசினைப் பாக்கிறது. சுவரில இருந்து வாற லேசர்க் கோடுகள் மூன்றும் மையத்தில சந்திக்குதோ, தூரம் காட்டுற ஒளிக்கோல் 2 மில்லிமீற்றருக்குள்ள நிக்குதோ, கதவைத் திறந்தா கதிர் நிக்குதோ, வெளியில சிவப்பு லைற் எரியுதோ, பிறகு டோஸ் வெளியீடு. அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கத்தின்ர 142 ஆம் குழு அறிக்கைப்படி அது விலகக் கூடியது தினசரி 3 சதவீதம், மாதாந்தம் 2, வருடாந்தம் 1. காலையில 3 ஐத் தாண்டினா அண்டைக்குக் காரணம் தெரியுமட்டும் ஆளைக் கிடத்தேலாது. வெளியில வரிசையில ஆக்கள் காத்திருப்பினம், "சேர், தொடங்கலாமோ" எண்டு ரெண்டு தரம் கேப்பினம். அதுக்கு "பொறுங்கோ" எண்டு சொல்லத் தெரிய வேணும்.

இனி தண்ணியில அளக்கிறது, சர்வதேச அணுசக்தி முகவரகத்தின்ர டி.ஆர்.எஸ். 398 முறை. 2000 இல வந்தது, திருத்திய பதிப்பு 2024. தொட்டியில தண்ணி, 10 சென்ரிமீற்றர் ஆழத்தில 0.6 கனசென்ரிமீற்றர் பாமர் அறை (கதிர் பட்டா மின்னேற்றம் தாற சின்ன அயனாக்கல் அறை), கதிர் படுற சதுரம், அதாவது புலம், 10க்கு 10 சென்ரிமீற்றர், கதிர் புறப்படுற இடத்தில இருந்து தண்ணி மேற்பரப்புக்குத் தூரம் 100 சென்ரிமீற்றர். அந்த மின்னேற்றத்தை வாசிக்கிற எலெக்ரோமீற்றரைப் போட்டு அரை மணித்தியாலம் சூடாக விடுங்கோ. முதல் 300, 400 எம்.யு. (மெசின் குடுக்கிற கதிரை எண்ணுற அலகு) வீணாக அடியுங்கோ, பாமர் அறை நிலைக்கு வரட்டும். பிறகுதான் வாசிப்பு.

உதாரணத்துக்கு 6 எம்.வி. கதிர், 100 எம்.யு.வுக்கு 12.05 நனோகூலோம் வருது எண்டு வைப்பம். பாமர் அறை வெளிக்காற்றுக்குத் திறந்தது, அதனால காற்றின்ர அடர்த்தியைத் திருத்த வேணும்:

(273.2 + வெப்பநிலை) ÷ 293.2 × 101.325 ÷ அமுக்கம்

தண்ணி 29.0 பாகை, அமுக்கம் 100.8 கிலோபஸ்கல் எண்டா 1.036. அயன் மீள்சேர்க்கைக்கு 1.003. அறையின்ர சான்றிதழில நனோகூலோமுக்கு 0.0539 கிரே, கதிர்த்தரத் திருத்தம் 0.990. எல்லாத்தையும் பெருக்கினா 0.668 கிரே. அந்த ஆழத்தின்ர சதவீத டோஸ் 66.7 ஆல பிரிச்சா உச்ச ஆழத்தில (டோஸ் ஆகக் கூடின ஆழம்) 1.002 கிரே. வேண்டியது 1.000. நல்லது, தொட வேண்டாம்.

ஆனா எங்கட பக்கத்து வில்லங்கம் தண்ணியிலதான். சிகிச்சை அறைக்குள்ள ஏசி 23 பாகை. தொட்டிக்குத் தண்ணி வாறது மொட்டை மாடி டாங்கியில இருந்து, சித்திரை வெயிலில காய்ஞ்ச தண்ணி. சுவர் வெப்பமானியில 23 எண்டு பாத்து எழுதினா திருத்தம் 1.0155 ஆகும். மெசின் கிட்டத்தட்ட 2 சதவீதம் குறைவா அடிக்கிற மாதிரித் தெரியும். உடனே வெளியீட்டைக் கூட்டி வைப்பியள். அண்டையில இருந்து எல்லாருக்கும் 2 சதவீதம் கூட. அளக்க வேண்டியது பாமர் அறைக்குப் பக்கத்தில தண்ணியின்ர வெப்பநிலையை. இன்னும் நல்லது, முதல் நாள் பின்னேரமே தொட்டியை நிரப்பிச் சிகிச்சை அறைக்குள்ளேயே விடுறது.

அதோட ஏசி அறையில தண்ணி ஆவியாகும். காலையில சரி பாத்த மட்டம் பின்னேரம் 1 மில்லிமீற்றர் இறங்கியிருக்கும், அரை சதவீதத்துக்குக் கிட்ட வித்தியாசம் வரும். சாப்பிட்டு வந்தா மட்டத்தைத் திரும்பப் பாருங்கோ.

#4 சம்பூரான்
வெந்நீர் ஊற்றுக்காரர் தண்ணி சூட்டைப் பற்றிக் கதைக்கிறது பொருத்தம்தான் 😄 ஒரு சந்தேகம். அமுக்கத்துக்குத் தனியா அமுக்கமானி ஏன்? போனில வானிலை அப் காட்டுதே.

#5 கன்னியா வெந்நீர்
அதில ஒரு பொறி இருக்கு தம்பி. வானிலை அப் காட்டுறது கடல்மட்டத்துக்கு மாத்தின அமுக்கம். திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எல்லாம் கடலோட ஒட்டின இடம், ரெண்டும் ஏறக்குறைய ஒண்டு, அதால பிழை வெளியில தெரியாது. அதே பழக்கத்தோட கண்டிக்கு மாறிப் போனா, அங்க 500 மீற்றர் உயரத்தில உண்மையான அமுக்கம் 95, 96 கிலோபஸ்கல் அளவில நிக்கும். நீங்கள் 101 எண்டு போடுவியள். 5 சதவீதத்துக்கு மேல பிழை. பதுளையில இன்னும் கூட. அளந்த டோஸ் குறைவாத் தெரியும், கூட்டி வைப்பியள், ஆக்களுக்குக் கூடப் போகும்.

அளவுத்திருத்தம் செய்த அமுக்கமானி ஒண்டு, வருசத்துக்கு ஒருக்கா ஒப்பிட்ட தாளோட. வெப்பமானிக்கும் அப்படித்தான். பாமர் அறையையும் எலெக்ரோமீற்றரையும் அணுசக்திச் சபையின்ர இரண்டாந்தர நியம ஆய்வுகூடத்துக்கு அனுப்புவம், இந்தச் சின்னச் சாமானை மறந்திடுவம்.

இன்னொண்டு. ஐரோப்பிய, முகவரக முறையில மாட்டேற்று வெப்பநிலை (காற்றுத் திருத்தத்துக்கு அடிப்படையா எடுக்கிறது) 20 பாகை. அமெரிக்க முறையில 22. ஒரு ஊர்ச் சான்றிதழையும் மற்ற ஊர் எக்செல் தாளையும் கலந்தா 0.7 சதவீதம் சத்தமில்லாமப் போகும். தாளின்ர அந்தப் பெட்டிக்குள்ள 293.2 இருக்கோ 295.2 இருக்கோ எண்டு திறந்து பாருங்கோ.

#6 உப்புவெளியாள்
இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது சிறிய புலங்கள். 2006–07 இல் பிரான்ஸ், துலூஸ் நகரில் 145 நோயாளிகளுக்குக் கூடுதல் டோஸ் போனது. மெசின் பழுதில்லை. மிகச் சிறிய புலங்களை அளக்க அவற்றுக்குப் பெரிதான அயனாக்கல் அறையைப் பாவித்திருந்தார்கள். 6 மில்லிமீற்றர்ப் புலத்துக்குள் 2 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமான பாமர் அறையை வைத்தால், அறையின் பாதிக்கு மேல் இருட்டில் நிற்கிறது. வாசிப்பு குறையும். புலத்தில் டோஸ் குறைவு என்று பிளானிங் கணினி நம்பும், அதை ஈடுசெய்ய எம்.யு.வைக் கூட்டித் தரும். இன்று இதற்கென்றே டி.ஆர்.எஸ். 483 இருக்கிறது, 2017. சிறிய டயோட் அல்லது வைர உணரி, அதற்குரிய திருத்தக் காரணியோடு.

துலூஸ் விடயத்தில் எனக்குப் படுவது: அந்த எண்களை வெளியாள் ஒருவர் வேறு உணரியால் ஒரே நாள் அளந்திருந்தாலும் அகப்பட்டிருக்கும். இரண்டாவது அளவீடு இரண்டாவது ஆளால், வேறு கருவியால். அதே ஆள் அதே அறையால் இரண்டு தரம் அளப்பது சரிபார்ப்பு ஆகாது.

பிரான்ஸிலேயே எப்பினால் நகரில் 2004–05 இல் நடந்ததும் படியுங்கோ. ஒரு பக்கம் டோஸைக் குறைக்கும் ஆப்புக் கதிருக்குரிய தெரிவு பிளானில் பிழையாகப் போனது. மென்பொருளும் கைநூலும் பிரெஞ்சில் இல்லை என்பதும் விசாரணையில் வந்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்து ஓடும் எங்கள் அறைகளில் பொத்தான்களுக்கு மேலே ஒட்டும் குறிப்பைக்கூட எல்லோரும் வாசிக்கும் மொழியில் எழுத வேண்டும். கேட்டால் சின்ன விசயம் மாதிரி இருக்கும்.

#7 கிண்ணியாத் துறை
கொபோல்ற் மெசினே போதாதோ? கரண்ட் போனாலும் சமாளிக்கலாம், உப்புக் காத்துக்கும் லினாக்கை விடத் தாங்கும். எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

#8 கன்னியா வெந்நீர்
கேள்வி நியாயம் நானா. கொபோல்ற் 60 இல உடையிறதுக்குச் சாமான் குறைவு. ஆனா அரை ஆயுட்காலம் 5.27 வருசம். மாசத்துக்கு 1.1 சதவீதம் குறையும். அதால நேர அட்டவணையை ஒவ்வொரு மாசமும் மாத்த வேணும், மாத்த மறந்ததே பழைய விபத்துகளில ஒரு வகை. 5 வருசம் கழிய 2 நிமிசச் சிகிச்சை 4 நிமிசமாகும், அந்த 4 நிமிசமும் ஆள் அசையாமக் கிடக்க வேணும். முதல், அதாவது கதிரைத் தாற கொபோல்ற் துண்டு, வெளியில சிக்கினா எடுக்கிற முறையும் தெரிய வேணும். முதல் வேலை நோயாளியை வெளியில எடுக்கிறது, மெசினைத் திருத்துறது இல்லை.

கொஸ்ரா ரிக்காவில 1996 இல நடந்தது இன்னும் எளிமையானது. முதலை மாத்தின பிறகு 0.3 நிமிசத்தை 30 செக்கன் எண்டு எடுத்தவை. 0.3 நிமிசம் 18 செக்கன். அவ்வளவுதான். நேரங்கள் எல்லாம் மூண்டில ரெண்டு பங்கு நீண்டு போச்சு, 115 பேர் மாட்டினவை.

லினாக்கைப் பற்றி: உப்புக் காத்தை விட ஈரப்பதன்தான் தலைவலி. குளிர்நீர்ச் சுற்று, அலைவழியில நிரப்புற எஸ்.எஃப். 6 வாயுவின்ர அமுக்கம், ஈரம் உறிஞ்சி, இந்த மூண்டையும் காலையில வாசிச்சு எழுதுங்கோ. குளிர்நீர் பனிபடுநிலைக்கு (காற்றின்ர ஈரம் தண்ணியாப் படியிற வெப்பநிலைக்கு) கீழ போனா குழாயில வேர்க்கும், வேர்த்தது மின்பலகையில சொட்டும். கரண்ட் போனா யூபிஎஸ் கொன்சோலையும் பதிவுக் கணினியையும் தாங்கும், கதிரைத் தாங்காது. 120 எம்.யு.வில 73 இல நிண்டா மீதி 47 தான் குடுக்க வேணும். திரையில எண் இல்லாட்டி பின்துணை எண்ணியைப் பாக்க வேணும். நினைவில இருந்து எழுதக் கூடாது.

#9 சம்பூரான்
சரி, புரோத்தன். எனக்கு விளங்கினது: புரோத்தன் கட்டியில நிண்டிடும், பின்னால போகாது, ஆகவே எல்லாருக்கும் எக்ஸ் கதிரை விட நல்லது. காசுதான் பிரச்சினை. சரியோ?

#10 திருக்கோணமலையான்
முதல் பாதி சரி, "ஆகவே" பிழை.

1946 இல் ரொபேட் வில்சன் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தக் கதை. மனிதருக்கு முதலில் கொடுத்தது 1954, பேர்க்லி. மருத்துவமனைக்குள்ளேயே கட்டிய முதல் நிலையம் 1990, லோமா லிண்டா. காபன் அயன் ஜப்பானின் சிபாவில் 1994. எங்களுக்குக் கிட்டிய புரோத்தன் நிலையம் சென்னையில், 2019 ஜனவரியில் தொடங்கியது. காபன் நிலையங்கள் உலகம் முழுக்க மிகக் குறைவு.

புரோத்தன் நிற்கும் ஆழம் சக்தியைப் பொறுத்தது. தண்ணீரில் 70 எம்.இ.வி. சுமார் 4 சென்ரிமீற்றர், 150 க்கு சுமார் 16, 230 க்கு சுமார் 33. உடல் தண்ணீர் இல்லையே. சி.ரி. ஸ்கானில் வரும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணை (திசு எக்ஸ் கதிரைத் தடுக்கும் அளவு) நிறுத்துவலுவாக (திசு புரோத்தனைத் தடுக்கும் அளவு) மாற்றும் வளைகோட்டில்தான் பிரச்சினை தொடங்குகிறது. வழமையாக ஒதுக்கும் விளிம்பு ஆழத்தின் 3.5 சதவீதம் கூட்டல் 1 மில்லிமீற்றர். 20 சென்ரிமீற்றர் ஆழமான கட்டிக்கு 8 மில்லிமீற்றர். அந்த 8 மில்லிமீற்றருக்குள் மூளைத்தண்டு இருந்தால்? அதனால்தான் முக்கிய உறுப்புக்கு நேர் முன்னால் கதிரை "நிறுத்த" யாரும் விரும்புவதில்லை. பக்கவாட்டில் உரசிப் போகும் கோணத்தைத் தேடுவார்கள். இன்னொரு காரணம், எக்ஸ் கதிரோடு ஒப்பிட எல்லா இடத்திலும் உயிரியல் வலுவை 1.1 என்று எடுக்கிறோம், ஆனால் கதிர் நிற்கும் கடைசி மில்லிமீற்றர்களில் அது அதற்கு மேலே ஏறும்.

நடைமுறையில் பிழைக்கும் இடங்கள்: பல்லில் அடைத்த உலோகம் ஸ்கானில் கீறிவிடும் கோடுகள், அவற்றைக் கையால் திருத்தாமல் விட்டால் ஆழம் மாறும். மூக்கறைப் பை பிளான் நாளில் காற்று, மூன்றாம் வாரம் சளி, அதோடு கதிர் முன்னமே நின்றுவிடும். கழுத்துப் புற்றுநோய்க்காரர் 5 கிலோ மெலிந்தால் எதிர்ப்பக்கம், கதிர் கட்டியைத் தாண்டிப் போய் நிற்கும். 120 கே.வி. ஸ்கானுக்கென்று எடுத்த வளைகோட்டுக்கு 100 கே.வி. ஸ்கான் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கடைசியை எக்ஸ் கதிர் பெரும்பாலும் மன்னிக்கும், புரோத்தன் மன்னிக்காது. நுரையீரலில் இன்னொரு சிக்கல்: மெல்லிய கதிரைப் புள்ளி புள்ளியாக ஓட்டும்போது கட்டியும் மூச்சோடு ஓடுகிறது, இரண்டு ஓட்டமும் மோதினால் சில இடத்தில் இரட்டை, சில இடத்தில் ஓட்டை. திரும்பத் திரும்பப் பல தடவை வருடி அதைச் சராசரியாக்குவார்கள், அல்லது மூச்சை நிறுத்த வைப்பார்கள்.

ஆகவே அங்கே காலைச் சோதனையில் இன்னும் ஒன்று கூடும்: கதிர் போய் நிற்கும் ஆழம் 1 மில்லிமீற்றருக்குள் இருக்கிறதா. புள்ளியின் இடம் 2 மில்லிமீற்றர். டோஸ் அதே 3 சதவீதம்.

பிள்ளைகளின் மூளை, முள்ளந்தண்டுக் கட்டிகள், மண்டையோட்டு அடிப்பகுதி, இவற்றில் புரோத்தனின் இலாபம் தெளிவு. எல்லோருக்கும் என்பதற்குச் சான்று அப்படி இல்லை.

#11 கோணேசபுரி
அப்ப நேரடியாகப் போகேலாது எண்டு விளங்குது. வேற என்ன பழக வேணும்?

#12 திருக்கோணமலையான்
போகலாம், ஆனால் எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது லினாக் அளவுத்திருத்தமும் பிளான் சரிபார்ப்பும். புரோத்தனிலும் அதே பாமர் அறை, அதே காற்றுத் திருத்தம், மாறுவது கதிர்த்தரக் காரணி. வீட்டிலேயே செய்யக் கூடியது: மற்ராட் என்ற இலவசப் பிளானிங் நிரல், ஜேர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தினுடையது. அதற்குள் தண்ணீர்ப் பெட்டி உதாரணம் இருக்கிறது. ஒரே கட்டிக்குப் போத்தோன் (எக்ஸ் கதிர்) பிளான் ஒன்று, புரோத்தன் பிளான் ஒன்று போடுங்கள். பிறகு நிறுத்துவலுவை வேண்டுமென்றே 3.5 சதவீதம் கூட்டித் திரும்பக் கணியுங்கள். போத்தோன் வரைபடம் அசையாது. புரோத்தன் வரைபடத்தில் கட்டியின் பின்விளிம்பு என்னவாகிறது என்று பாருங்கள். பைதனில் டைகொம் கோப்பை (ஸ்கானும் பிளானும் சேமிக்கும் வடிவம்) திறந்து புலத்தின் எம்.யு.வை வாசிக்கப் பழகினாலே பாதி வேலை இலகு.

#13 உப்புவெளியாள்
ஒன்றை விட்டுவிட்டீர்கள். எங்கள் நாட்டில் பௌதிகவியலாளரின் நேரத்தில் நல்ல பங்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான உள்வைப்புச் சிகிச்சைக்குப் போகும். அதற்கு உடலுக்குள் அனுப்பும் கதிர்முதல் இரிடியம் 192. அரை ஆயுட்காலம் 73.8 நாள், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. 370 கிகாபெக்கரல் முதல் வந்து சேரும்போது சுங்கத்தில் ஒரு கிழமை கிடந்தால் 6 சதவீதம் அங்கேயே போய்விட்டது. முதலை மாற்றிய அன்று கிணற்று அறையால் (முதலை உள்ளே இறக்கி அளக்கும் அயனாக்கல் அறை) அளந்து சான்றிதழோடு ஒப்பிட வேண்டும், 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் தேடுங்கோ. அடிக்கடி அகப்படுவது கணினியில் உள்ளிட்ட திகதி: 03/04 என்பது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ? சுமார் ஒரு மாதம் என்றால் கால்வாசி.

அந்த அறையில் கதிர் அளவுமானி, நீண்ட இடுக்கி, ஈயப் பானை மூன்றும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பானைக்கு மேலே பெட்டிகளை அடுக்கி வைக்கும் பழக்கம் பல இடத்தில் உண்டு. முதல் உள்ளே சிக்கியபோது பெட்டி இறக்கிக்கொண்டு நிற்க முடியாது.

#14 கோணேசபுரி
நன்றி அக்கா, அண்ணாமார். ரெண்டு கணக்கு செய்து பாத்தம். இரிடியம் 31 நாள் கழிய 0.747, சிகிச்சை நேரம் 1.34 மடங்கு. மற்றது, 10 சென்ரிமீற்றர் ஆழத்தில 200 சென்ரிகிரே குடுக்க 200 × 0.667 = 133 எம்.யு. சரியோ?

#15 கன்னியா வெந்நீர்
இரிடியம் சரி. மற்றது பிழை. 100 எம்.யு. உச்ச ஆழத்தில 100 சென்ரிகிரே தருது, 10 சென்ரிமீற்றரில 66.7 தான் தருது. அங்க 200 வேணுமெண்டா கூட அடிக்க வேணுமோ குறைய அடிக்க வேணுமோ? விடை வர முன்னமே அது கூடுமோ குறையுமோ எண்டு ஒரு பேப்பரில எழுதி வையுங்கோ, பிறகு கல்குலேற்றரைத் தொடுங்கோ.

#16 கோணேசபுரி
பிரிக்க வேணும். 200 ÷ 0.667 = 300. கொப்பியில 133 ஐ டிப்பெக்ஸ் பூசி மாத்திட்டன்.

#17 கன்னியா வெந்நீர்
300 சரி, 10க்கு 10 புலம், மேற்பரப்புத் தூரம் 100, ஆப்பு, தட்டு ஒண்டும் இல்லாட்டி. டிப்பெக்ஸைச் சுரண்டி எடுங்கோ. சிகிச்சைப் பதிவேட்டில பிழையான எண்ணுக்கு மேல ஒற்றைக் கோடு, பக்கத்தில சரியான எண், திகதி, கையெழுத்து. பழைய எண் வாசிக்கக் கூடியதா இருக்க வேணும்.